ஊரில் எந்தப் பக்கம்

வீட்டுக்காரர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். வெளியே கேட்டோரம் நின்று, ஒரு கையில் போன், இன்னொரு கையால் செம்பருத்திச் செடியின் பழுத்த இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டபடி, தேங்காய் போடும் ஆள் வரவில்லை என்று யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார். "நீ சொன்ன ஆளு நேத்தும் வல்ல, இன்னைக்கும் வல்லயப்பா." அந்தத் தேங்காய் போடுகிறவன் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும், இன்னும் பத்து நிமிஷம் வராமலே இருக்கட்டும். இவர் போனை வைத்துவிட்டு உள்ளே வந்து எதிர் சோபாவில் உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். விட்ட இடம் எனக்கு நினைவிருக்கிறது, அவருக்கும் நினைவிருக்கும், இந்தக் கேள்வியைப் பாதியில் மறந்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. "தாராபுரம் பக்கம்னீங்க, எந்தூருங்க?" "கொக்கராம்பாளையங்க." "அட, தெரிஞ்ச ஊருதான். ஊர்ல எந்தப் பக்கமுங்க?" அப்போதுதான் போன் அடித்தது. எங்கள் ஊருக்கு நான்கு பக்கம் கிடையாது, இரண்டு பக்கம்தான், ஊர், அப்புறம் காலனி, அது அவருக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்கிறார், வாசலில் செருப்பைக் கழற்றியதிலிருந்து இந்த ஒரு கேள்வியைத்தான் வேறு வேறு சட்டை போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறார். உங்க பேரு கனகராஜுங்களா, அந்தப் பேரு எல்லாருமே வெக்கறாங்க. பாப்பா பேரு என்னங்க, நறுமுகையா, புதுசா இருக்குதே. புதுசாக இருப்பதற்காகத்தான் வைத்தேன் ஐயா, எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியக் கூடாது என்று பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து ஒரு நோட்டு நிறைய எழுதி அடித்து எழுதி அடித்து வைத்த பெயர் அது. ஆனால் ஊர்ப் பெயரை ஏன் சொன்னேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. கோயம்புத்தூர் என்றே சொல்ல வேண்டும் என்று ஆட்டோவில் வரும்போது மகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். இந்த மனுஷன் 'வாங்க, உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க' என்று அந்த இழுவையில் சொன்னதும், ஓசூரில் ஏழு வருஷமாகக் காதில் விழாத அந்த இழுவையைக் கேட்டதும், நாக்கு தானாக நெகிழ்ந்து ஊரைச் சொல்லிவிட்டது. என் பேச்சே என்னைக் காட்டிக்கொடுக்கிறது. வெட்கமாக இருக்கிறது, வெட்கத்துக்கு மேலே கோபமாக இருக்கிறது.

மாடியில் முகை நடக்கிறாள். வீட்டுக்காரரின் மனைவி கூடவே நடக்கிறார், அந்தம்மாவின் காலடி தேய்ந்து கேட்கிறது, இவளுடையது பட்டுப் பட்டென்று. ஒரு குழாய் திறக்கிறது, மூடுகிறது. ஜன்னல் கொக்கி விழுகிறது. நல்ல அறை, நானே முதலில் ஏறிப் பார்த்துவிட்டேன், வெளியிலிருந்து தனிப் படி, கிழக்கே ஜன்னல், குளியலறை உள்ளேயே, காலேஜ் கேட்டுக்கு நடந்து ஆறு நிமிஷம். கல்லூரி விடுதியில் இடம் முடிந்துவிட்டது, கடைசிச் சுற்றில் சேர்ந்தவளுக்கு இனி அடுத்த வருஷம்தான். ஆகவே இந்த மாடி. இல்லையென்றால் அவள் சொல்கிற அந்த இடம். அந்த இடத்தின் பெயரை எடுக்காதே என்று காலையில் பஸ் ஸ்டாண்டு எதிரே இட்லி சாப்பிடும்போது சொன்னேன், நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் அந்தக் கட்டடத்தில் என் பிள்ளை படுக்காது என்று சொன்னேன், பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் சட்னியைத் தொட்டுக்கொண்டே, "அப்ப நீங்க மட்டும் மூணு வருஷம் படுத்தீங்க" என்றாள். எனக்கு வேறு போக்கிடம் இல்லை, படுத்தேன். உனக்கு இருக்கிறது. இதோ கிழக்கே ஜன்னல் வைத்து இருக்கிறது, எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு மட்டும் ஒரு பதில் சொல்லிவிட்டால். எதிரே டீப்பாயில் எனக்கு வைத்த தண்ணீர் இருக்கிறது. சின்ன பாட்டில், கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்குப் பக்கத்தில் வைப்பார்களே அது, மூடி திருகாதது. அதற்குப் பக்கத்தில் அவர் குடித்து வைத்த எவர்சில்வர் டம்ளர். விருந்தாளிக்கு பாட்டில் தண்ணீர் கொடுப்பது இப்போது மரியாதை, ஓசூரில் என் மனைவி அமுதாவே அப்படித்தான் கொடுக்கிறாள். மேலும் அந்தம்மா இதைக் கொண்டுவந்து வைத்தபோது நான் ஊரைச் சொல்லியிருக்கவே இல்லை. எனவே இது மரியாதைதான். மரியாதையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவருக்கு டம்ளர், எனக்கு பாட்டில். அவர் வீட்டுக்காரர், அவர் டம்ளரில்தான் குடிப்பார். ஆனால் கழுவ வேண்டியதில்லை அல்லவா பாட்டிலை. பார்த்தாயா, அவர்கள் செய்யாத ஒன்றுக்காகவும் நான் கோபப்பட வேண்டியிருக்கிறது, செய்தார்களா செய்யவில்லையா என்று கண்டுபிடிக்கும் வேலையும் என் தலையில்தான், அவர்கள் ஒரு பாட்டிலை வைத்துவிட்டுத் தேங்காயைப் பற்றிப் பேசப் போய்விடலாம், நான் இங்கே அதன் மூடியை ஆராய்ச்சி செய்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தாகமாக இருக்கிறது. குடிக்க மாட்டேன்.

லீட்ஸில் எனக்குக் கோபம் எவ்வளவு சுலபமாக வந்தது. வீடு காலியாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்று போனில் சொன்ன வெள்ளைக்காரன் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும், இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டார் என்றான். மழைக் கோட்டிலிருந்து அவன் வாசலில் நீர் சொட்டச் சொட்ட நின்று அவனிடம் பேசினேன், நல்ல இங்கிலீஷில், ஒரு பிழை இல்லாமல், அவன் முகம் சிவக்கிற வரைக்கும். வீட்டுக்குப் போய் நகர மன்றத்துக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை, ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான், ஆனால் எழுதிய அன்று நன்றாகச் சாப்பிட்டேன், விசில் அடித்துக்கொண்டு பாத்திரம் கழுவியதாக அமுதா இன்றும் சொல்வாள். அந்தக் கனகராஜ் எங்கே போனான். ஏன் இங்கே முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, முதுகு சாயாமல், சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறான். அதே லீட்ஸில், அந்தக் கடிதத்துக்கு நாலைந்து வருஷம் கழித்து, ஒரு பள்ளிக்கூட ஹாலில் பொங்கல் விழா. வெளியே பனிமழை. ஒருவர் காகிதத் தட்டில் சர்க்கரைப் பொங்கலை ஏந்திக்கொண்டு வந்தார், மருத்துவர், நல்ல மனிதர், எல்லாருடைய குழந்தைகளுக்கும் காய்ச்சல் என்றால் போனிலேயே மருந்து சொல்கிறவர். "தாராபுரமா? அட, நம்ம ஆளு. எந்தப் பக்கம்?" ஐயாயிரம் மைல் பறந்து, பனியில் நடந்து, அந்தக் கேள்வி கையில் கரண்டியோடு என் முன்னால் வந்து நின்றது. பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றேன். அவர் சிரித்தார். "பஸ் ஸ்டாண்டுல யாருங்க குடியிருக்காங்க?" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அங்கே நகர மன்றத்துக்கு மூன்று பக்கம் எழுதினவன் இங்கே சிரித்தான். அடுத்த வருஷம் நாங்கள் போகவில்லை. கும்மிக்கு மூன்று மாதம் பழகியிருந்த ஆறு வயதுப் பெண், பாவாடையெல்லாம் கட்டிக்கொண்டு கதவருகே நின்று ஏன் போகலை என்று கேட்டபோது, பனி ஜாஸ்தி, கார் வழுக்கும் என்றேன். அவள் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். தெருவில் பனியே இல்லை. வளையலைக் கழற்றி வைத்தாள்.

அவளுக்கு எதையும் நான் சொல்லவே இல்லை, எல்லாவற்றையும் அவளாகவே தெரிந்துகொண்டாள், பதினோரு வயதில் இந்த நாட்டுக்கு வந்து ஒரே பள்ளிக்கூட வருஷத்தில் தெரிந்துகொண்டாள். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், "நீங்க எந்த ஆஸ்டல்ல படிச்சீங்கன்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றாள், என்னவோ நான் எந்தக் கிரிக்கெட் டீமில் விளையாடினேன் என்று தெரிந்துகொண்ட மாதிரி. இதே ஊர். ஆதிதிராவிடர் நல விடுதி. நீலப் பலகையில் வெள்ளை எழுத்து, அதில் 'நல' மட்டும் உதிர்ந்து போயிருந்தது. எண்பது பேருக்கு நான்கு கக்கூஸ், ஒன்றுக்குத்தான் கதவு, அதற்கும் கொண்டி கிடையாது, உள்ளே இருப்பவன் பாடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் தாழ்ப்பாள். மஞ்சளாக ஒரு தண்ணீர், அதற்குச் சாம்பார் என்று பெயர். இதெல்லாம்கூட நினைத்தால் சிரிப்புத்தான். நாற்பது பேர் ஒரே ஹாலில் பாயைப் போட்டுக்கொண்டு ஒருவனுக்குத் தெரிந்த கணக்கை இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுத்துப் படித்து எழுந்தோம், அதில் பாதிப் பேர் இன்று ஏதாவது ஒரு நாற்காலியில் இருக்கிறார்கள். பொறுக்க முடியாதது வேறு. காலேஜ் விட்டு பஸ்ஸில் வருவேன், ஒரு ஸ்டாப் தள்ளிப் போய் பேக்கரி வாசலில் இறங்குவேன், கூட வந்தவர்கள் கலைகிற வரைக்கும் அங்கே நின்று பிஸ்கட் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பின்பக்கச் சந்து வழியாக நடந்து திரும்புவேன். மூன்று வருஷம். ஒருநாள் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் ஒருவன் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டான். "டேய் கனகு, நீ அந்த ஆஸ்டலா?" வேறொன்றும் சொல்லவில்லை. அந்த. அதற்குப் பிறகு அவன் என்னிடம் நோட்டு இரவல் வாங்கவில்லை. என் கையெழுத்து அவ்வளவு நன்றாக இருக்கும். அதே கட்டடம் இப்போது பெண்கள் விடுதி, இந்தப் பெண் என்னவோ அங்கே போய்த் தங்குகிறாளாம். இட்லிக் கடையில் சொன்னேன், அதையெல்லாம் தாண்டி வருவதற்காகத்தான் நான் இவ்வளவு தூரம் ஓடினேன் என்று. "ஓடினீங்க சரி. இப்ப நான் எதுக்கு ஓடணும்?" ஆட்டோவில் ஏறிய பிறகு மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். கேட்டால் கோயம்புத்தூர் என்று சொல். கோயம்புத்தூரில் எங்கே என்றால் சிங்காநல்லூர் என்று சொல். "நாம ஓசூர்லல்ல இருக்கோம்?" சும்மா சொல்லு. "குலதெய்வம் கேட்டா?" தெரியாதுன்னு சொல்லு. "அது உண்மை" என்றாள். பிறகு வெளியே பார்த்துக்கொண்டே, "இந்தப் பாடத்துக்கு எத்தன மார்க்குப்பா?" என்றாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் சிரித்தார். எனக்கு ஓங்கி அறையலாம் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

"வெச்சர்றேன், வெச்சர்றேன். நாளைக்காவது வரச் சொல்லு." வருகிறார். செருப்பைக் கழற்றுகிறார், மிதியடியில் காலைத் துடைக்கிறார், ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லை. ஈஸ்வரமூர்த்தி, அறுபது வயது இருக்கும், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு, முகத்தில் ஒரு கெட்ட குணமும் இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம், கெட்டவனாக இருந்தால் எவ்வளவு வசதி. அவர் தலைக்குப் பின்னால் சுவரில் காலண்டர். வந்ததிலிருந்து அதை நான் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்லிமேட்டுச் செல்லாண்டியம்மன், குண்டம் திருவிழாக் குழு. எங்கள் ஊரிலிருந்து இரண்டு கல், தீமிதியை எங்கள் பக்கம் குண்டம் என்போம். சிவப்புப் பட்டு, எலுமிச்சை மாலை, அந்தக் கண். "தண்ணியே குடிக்கலீங்களே" என்கிறார். "இல்லீங்க, போதுங்க." "மேல மூணு புள்ளைங்க இருந்தாங்க, இந்த வருசந்தான் படிப்பு முடிஞ்சுது. எல்லாம் நம்ம பக்கத்துப் புள்ளைங்கதான். கறி மீனெல்லாம் தாராளமாச் செஞ்சுக்கலாமுங்க, ஞாயித்துக்கெழம நாங்களே எடுக்கறோம். ஆளு மட்டும் தெரிஞ்ச ஆளா இருந்தாப் போதும்." சோபா அவர் எடைக்குக் காற்றை விடுகிறது. "பாதியில போன் வந்துருச்சு. ஊர்ல எந்தப் பக்கமுன்னீங்க? சும்மாத்தான், நமக்கு அங்க ஒறம்பரை சனம் இருக்குது, அதுக்குத்தான் கேக்கறேன். குலதெய்வம் எதுங்க உங்களுக்கு?" நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. கண் எங்கே இருந்ததோ அங்கேயிருந்து வாய் எடுத்தது. "நல்லிமேட்டுச் செல்லாண்டியம்மனுங்க."

அவர் முகத்தில் நடந்ததை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஒரு வீட்டில் அடைத்து வைத்த ஜன்னல் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்த மாதிரி. "அட" என்றார். காலண்டரைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதென்னுங்க, இத்தன நேரம் சொல்லாம உக்காந்திருக்கீங்க. அப்ப நாம பங்காளியாச்சுங்களே." ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி, பங்காளி என்றால் ரத்தம். எழுந்து வந்து என் பக்கத்தில், அதே சோபாவில், தொடை உரச உட்கார்ந்துவிட்டார். உரிமையாக என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சூடாக, மெத்தென்று இருந்தது. "எங்க, நம்ம கோயிலு குண்டம் எத்தன அடி, சொல்லுங்க பாக்கலாம்?" விளையாட்டாகத்தான் கேட்டார். "நாப்பத்தெட்டுங்க. முன்ன அறுபது. கொளத்து மேல ரோடு போட்டப்பச் சுருக்கிட்டாங்க." "அட, ஆமா. எரிகரும்பு?" குண்டத்துக்கு அடுக்குகிற விறகுக்கு அந்தப் பெயர். அதை இவர் கேட்டிருக்க வேண்டாம். "பன்னண்டு வண்டிங்க. ஊஞ்சை ஏழு, வேம்பு அஞ்சு. ஊஞ்சையக் கீழ குறுக்கால போட்டு வேம்ப மேல நெடுக்க அடுக்கோணும், மாத்தி அடுக்குனா நடுவுல வேகாம நிக்கும்." வாயைத் திறந்தபடி பார்க்கிறார். "எனக்கே இது தெரியாதுங்க, சிறுசுலயே இங்க வந்துட்டோம், வருசத்துக்கு ஒருக்கா போறதோட செரி. நீங்க என்னமோ கூடவே இருந்து அடுக்குன மாதிரி சொல்றீங்க." நான் அடுக்கவில்லை. என் அப்பன் அடுக்கினார். ரங்கன், ஊரில் பத்து வயசுப் பையனுக்கும் ரங்கா. எட்டுப் பேரோடு விறகு வெட்டி, சுமந்து, அடுக்கி, எரிந்து தணிந்ததும் பச்சை மூங்கிலால் தணலை அடித்துச் சமன் செய்து, இரண்டு முழங்கையிலும் மயிர் கருகி, ஊர்க்காரர்கள் குண்டம் இறங்க வருகிறார்கள் என்று மேளம் கேட்டதும் குளத்துக் கரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார்கள். அங்கிருந்து பார்த்தால் தணல் தெரியாது, கூட்டத்தின் முதுகுதான் தெரியும். அவர் தோளில் உட்கார்ந்து நான் பார்த்தேன். அப்படியானால் நான் சொன்னது பொய்யா. இந்தப் பெயரை விட்டால் வேறெந்தப் பெயரை என் அப்பன் மூச்சுக்கு மூச்சு சொன்னார். எங்கள் காலனி முனையில் ஒரு கல் இருக்கிறது, கருப்பராயன், அதற்கு வருஷம் ஒரு சேவல், ஆனால் கையைச் சுட்டுக்கொண்டது இந்த அம்மனுக்காகத்தான். பொய்தான். இல்லை. பொய்தான், இந்த மனுஷன் என் கையைப் பிடித்திருக்கிறார், யார் கையென்று தெரியாமல் பிடித்திருக்கிறார்.

"தனலட்சுமி, சாவியக் கொண்டா. நம்ம பங்காளி வூட்டுப் புள்ளயாம்." அவர்கள் இறங்கி வருகிறார்கள், முன்னால் அந்தம்மா, பின்னால் முகை, கையில் ரூம் ஜன்னலின் தூசு. "வா அம்மிணி, இனிமே என்னைய அங்கிள்ங்கக் கூடாது, பெரியப்பா. நீ நம்ம கோயிலு புள்ள." அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், பனி இல்லாத தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அதே பார்வை. "எந்தக் கோயில்ப்பா?" என்றாள். அவர் சிரித்தார். "வெளிநாட்டுல வளந்த புள்ள, பாவம், தெரியறதில்ல." அந்தம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார், உண்மையான பிரியத்தோடு, இரண்டு கையாலும். "பங்குனில நாங்க போறப்பக் கூட்டிட்டுப் போறேன் கண்ணு. நீயும் எங்ககூட மஞ்ச சேல கட்டிக் குண்டம் எறங்கு. ஊருல எல்லாத்துக்கும் காட்டோணும்." சாவி என் கையில் இருந்தது. குளிர்ந்த சாவி. எனக்கு முதுகு நனைந்தது. ஊரில் எல்லாருக்கும் காட்டுவார்கள். அந்தக் குளத்துக் கரைக்கு இந்தப் பக்கம் இவளை நிறுத்தி வைத்து, யார் பிள்ளை என்று கேட்பார்கள், இவள் முகத்தில் என் அப்பனின் தாடை இருக்கிறது. அது பங்குனியில். அதற்கு முன்னால் தினம் தினம், தண்ணீர் பிடிக்கும்போது, துணி காயப்போடும்போது, பெரியப்பா என்று கூப்பிடும்போது. பொய் சொன்னது நான், அதில் நான்கு வருஷம் குடியிருக்கப் போவது இவள். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன். பேக்கரி வாசலில் இவளை இறக்கிவிட்டுக் கொண்டிருக்கிறேன்.

"நாங்க ஊருக்குள்ள இல்லீங்க" என்றேன். குரல் சத்தமாக வரவில்லை, சத்தமாக வரும் என்று நினைத்தேன். "காலனிங்க. அந்த எரிகரும்பு அடுக்குனது எங்கப்பாங்க, ரங்கன்னு பேரு. அதனாலதான் எனக்குத் தெரியும்." அவர் கை என் கையிலிருந்து எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. ஃபேன் ஓடுகிறது. காலண்டர் தாள் தூக்கித் தூக்கி விழுகிறது. அவர் எழுந்து தன் சோபாவுக்குப் போனார். நான் தயாராக இருந்தேன், இத்தனை வருஷம் சேர்த்து வைத்ததையெல்லாம் பற்களுக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன், அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லட்டும் என்று. அவர் சொல்லவில்லை. "அப்பறம் எதுக்குங்க நம்ம குலதெய்வம்னு சொன்னீங்க?" என்றார், நிஜமாகவே மனது நொந்து. "சாதியெல்லாம் நாங்க பாக்கறதில்லீங்க. ஆபீசுல எத்தன பேரோட ஒண்ணா உக்காந்து தின்னிருக்கறோம். ஆனா பொய்யி ஆகாதுங்க. வூட்டுக்குள்ள நொழையறப்பவே பொய்யின்னா, நாளைக்கு எப்பிடி நம்பறது? மொதல்லயே உள்ளதச் சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" கையை நீட்டினார், சாவிக்காக. கொடுத்துவிட்டேன். என் வாயில் நிறுத்தி வைத்த வரிசை அத்தனையும் கலைந்துவிட்டது. என்ன ஒரு காரியம் செய்துவிட்டேன், அவருக்குத் தேவையான காரணத்தை நானே பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன், இனி அவர் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார், பொய்யனை வீட்டில் சேர்க்கவில்லை என்று. உள்ளதைச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பாரா என்பது எனக்கு இனி எந்தக் காலத்திலும் தெரியப் போவதில்லை, அந்த பாட்டிலைப் போல, எல்லாவற்றையும் போல. எழுந்தேன். அவமானத்தில் காது அடைத்தது.

"அங்கிள்" என்றாள் முகை. எழுந்திருக்கிற என்னைப் பார்க்கவே இல்லை, அவரைத்தான் பார்த்தாள், சந்தேகம் கேட்கிற மாணவி மாதிரி. "மொதல்லயே சொல்லியிருந்தா ரூம் குடுத்திருப்பீங்களா?" "அதத்தான அம்மிணி சொல்றேன். உள்ளது உள்ளபடி சொல்லிப்போட்டா ஒரு பிரச்சனையும் இல்ல." "இப்பச் சொல்லிட்டாரே" என்றாள். "அவரு சொன்னது தப்புதான். நான் ஒண்ணும் பொய் சொல்லல. எனக்குத்தான் ரூம். எனக்கு ரூம் புடிச்சிருக்கு. குடுங்க." குரலை உயர்த்தவில்லை, கை மட்டும் நீண்டிருந்தது, ஜன்னல் தூசு படிந்த கை. அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அந்தம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கொஞ்ச நேரத்துக்கு முன் இவள் தலையைத் தடவிய கை. "பையன் பெங்களூருல இருக்கறானுங்க" என்றார் அவர், சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி. "அவனயும் ஒரு வார்த்த கேக்கோணும். கேட்டுப்போட்டு போன் பண்றனுங்க." முகை கையை இறக்கிக்கொண்டாள். "சரிங்க அங்கிள்" என்றாள். "என் நம்பர் வேணுமா?" அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

வெளியே வெயில் முகத்தில் அடித்தது. வேகமாக நடந்தேன், செருப்பைச் சரியாக மாட்டாமல், ஒரு குதிகால் வெளியே. பின்னாலேயே பட்டுப் பட்டென்று வந்தாள். "மெதுவாப் போங்க." "உன்னை யார் அங்க கையை நீட்டச் சொன்னது? பிச்சையா எடுக்கறே?" "ரூம் கேட்டேன்." "எதுக்குக் கேட்டே? குடுத்திருந்தா இருந்திருப்பியா அங்க?" "குடுத்திருந்தா இருந்திருப்பேன். அவருக்குத்தான் கஷ்டமா இருந்திருக்கும்." எனக்குத் தெருவில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது, அந்த வீட்டு கேட்டைப் பார்த்து, செம்பருத்தியைப் பார்த்து, ஆனால் திரும்பினால் கேட் சாத்தியிருக்கும் என்று தெரியும், அதனால் இவளைப் பார்த்துக் கத்தினேன், பனி முதல் இட்லிவரை எல்லாவற்றையும் சொல்லி, என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாமல். அவள் ஒரு வேப்பமர நிழலில் நின்று கேட்டுக்கொண்டாள். எனக்கு மூச்சு வாங்கியபோது சொன்னாள். "அந்த ஆஸ்டல்ல பன்னண்டரைக்கு வார்டன் வரச் சொல்லியிருக்காங்க. போன வாரமே அப்ளை பண்ணிட்டேன். சர்டிபிகேட்ட அம்மா பீரோவுலேருந்து எடுத்துக் குடுத்தாங்க." எந்த சர்டிபிகேட் என்று கேட்கத் தேவையில்லை. என் வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. "நீ பாத்திருக்கியா அந்த இடத்த?" என்றேன். "கக்கூஸுக்குக் கதவு இருக்காது. தண்ணி இருக்காது. அந்த சாம்பாரை நீ ஒரு வாய் வைக்க மாட்டே. என்னை மாதிரி வாயை மூடிக்கிட்டு மூணு வருஷம்..." "நீங்களும் வாங்க. இல்லன்னா அங்க வந்து கத்துங்க. இங்க கத்தாததையும் சேத்து" என்றாள். அவள் கை காட்டி ஆட்டோ நின்றது. ஏறினேன், ஏற மாட்டேன் என்று சொல்ல நினைத்துக்கொண்டே ஏறினேன். கதவு இல்லாமல் ஒரு பெண் பிள்ளை எப்படி இருக்க முடியும், அந்த வார்டன் யாராக இருந்தாலும் இன்று என்னிடம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், துறைக்கு எழுதுவேன், ஆட்சியருக்கு எழுதுவேன், மூன்று பக்கம் இல்லை, முப்பது பக்கம் எழுதுவேன், எல்லா ரூமிலும் விளக்கு எரிகிறதா என்று போட்டுப் பார்ப்பேன், குழாயைத் திறந்து பார்ப்பேன், அரிசியைக் கையில் அள்ளிப் பார்ப்பேன், என்று சொல்லிக்கொண்டே வந்தேன், வாய்விட்டுத்தான் சொல்லியிருக்கிறேன் போல, பக்கத்தில் அவள் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மெதுவாச் சொல்லுங்கப்பா, எழுதிக்கறேன்" என்றாள். "கதவு போட்டாச்சு. அதுக்கு அப்பறம்?"

"கொண்டி" என்றேன்.